இரண்டு பேர் மீதான புகார்

பொது மருத்துவத் துறைத் தலைவர் மாசிலாமணிக்குச் சிறந்த ஆசிரியர் விருது என்ற செய்தி காலை ரவுண்ட்ஸின் நடுவில் வந்தது. வார்டில் அவரைச் சுற்றி நின்றிருந்த மாணவ டாக்டர்கள் கைதட்டினார்கள். உதவிப் பேராசிரியை இளவரசியும் தட்டினாள். தட்டிக்கொண்டே அவர் முகத்தைப் பார்த்தாள். நான்கு வருஷமாக அவள் அந்த மனிதரை இப்படித்தான் பார்த்துவருகிறாள், எங்கே அடித்தால் எழுந்திருக்கமாட்டார் என்று தேடிக்கொண்டு.

இளவரசி மரக்காணத்தை ஒட்டிய குப்பத்துப் பெண். அப்பா அப்பாதுரை கடலுக்குப் போகிறவர். அவளுக்கு விழுப்புரம் பக்கம் ஒரு மருத்துவக் கல்லூரியில் பொது மருத்துவ மேற்படிப்புக்கு இடம் கிடைத்தபோது குப்பத்தில் வெடி வெடித்தார்கள். விடுதியில் தங்கினாள். ட்யூட்டி இல்லாத நாட்களில் ரயிலேறித் திண்டிவனத்தில் இருந்த அக்கா வீட்டுக்குப் போவாள்.

மாசிலாமணி அவளுடைய யூனிட்டின் சீஃப். ஆய்வுக் கட்டுரைக்கு வழிகாட்டியும் அவரே. மேற்படிப்பு முடியும்வரை, மூன்று வருஷத்துக்கு, ஒரு பி.ஜி. மாணவரின் உயிர் சீஃபின் பேனாவில் இருக்கும். லீவு வேண்டுமா, கட்டுரை போக வேண்டுமா, பரீட்சை எழுத வேண்டுமா, எல்லாவற்றுக்கும் அவர் கையெழுத்து. அது அவருக்கு நன்றாகத் தெரியும். பதில் தெரியாமல் விழிக்கிறவர்களை நோயாளிகள் முன்னாலேயே கிழிப்பார். இளவரசியிடம் ஒருமுறை, "மீன் கூடை தூக்கப் போயிருக்கலாமே, இங்க எதுக்கு வந்தே?" என்று கேட்டார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சிரிக்காவிட்டால் அடுத்த கேள்வி அவர்களுக்கு.

இரண்டாம் வருஷம், கார்த்திகை மழை விட்ட வாரம், திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கமிருந்து பச்சைமுத்து என்ற விவசாயி ஆறு நாள் காய்ச்சலோடு வந்து சேர்ந்தார். ரத்தத்தில் தட்டணுக்கள் குறைந்திருந்தன. இளவரசி அவரைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். இடது அக்குளில், சிகரெட்டால் சுட்டதுபோல ஒரு கருத்த பொருக்கு. வலிக்காததால் அவருக்கே தெரியவில்லை. கரும்புத் தோட்டத்தில் பூச்சி கடித்து வரும் ஸ்க்ரப் டைஃபஸ் காய்ச்சல் இது என்று அவளுக்குச் சந்தேகமே இல்லை. கேஸ் ஷீட்டில் எழுதினாள். வார்டு சிஸ்டர் தேவகியிடம் இண்டெண்ட் புத்தகத்தை வாங்கி, டாக்ஸிசைக்ளின் வேண்டும் என்று மருந்தகத்துக்கு எழுதிக் கையெழுத்துப் போட்டாள். சாதாரண மருந்துதான். நேரத்தோடு கொடுத்தால் இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கிவிடும்.

மாசிலாமணி வந்து கேஸ் ஷீட்டைப் புரட்டினார்.

"ஊரெல்லாம் டெங்கு. உனக்கு மட்டும் பூச்சிக் கடியா?"

"சார், அக்குள்ல பொருக்கு இருக்கு சார். ஒரு தடவை பாத்துடுங்க சார்."

"எனக்கே கிளாஸ் எடுக்கறியா?"

அவள் எழுதியிருந்ததன் மேல் குறுக்கே ஒரு கோடு இழுத்தார். பச்சைமுத்துவின் கையைத் தூக்கிக்கூடப் பார்க்கவில்லை. அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். இளவரசியும் பின்னாலேயே போனாள்.

மூன்றாம் நாள் பச்சைமுத்துவுக்கு மூச்சுத் திணறியது. ஐந்தாம் நாள் வென்டிலேட்டரிலேயே இறந்துபோனார். அதற்கு மறுநாள் வந்த பரிசோதனை முடிவு ஸ்க்ரப் டைஃபஸ் என்றது.

இறந்துபோன நோயாளிகளைப் பற்றித் துறையில் மாதாமாதம் ஒரு கூட்டம் நடக்கும். நாற்பது டாக்டர்கள் உட்கார்ந்திருந்த அந்தக் கூட்டத்தில் மாசிலாமணி எழுந்து, "நோயாளியின் அக்குளை எங்க பி.ஜி. பார்க்கவே இல்லை" என்று வருத்தத்தோடு சொன்னார். கேஸ் ஷீட்டில் இளவரசி எழுதிய தாள் இல்லை. அந்த இடத்தில் அவர் கையெழுத்தில் புதுத் தாள் இருந்தது. அவள் வாயைத் திறப்பதற்குள், "உட்காரும்மா, பட்டுத்தான் கத்துக்கணும்" என்றார். படிப்பை ஆறு மாதம் நீட்டித்தார்கள். கூடப் படித்தவர்கள் பரீட்சை எழுதிப் போனார்கள். அவள் காலியான விடுதி அறையில் தங்கி, அவருக்கே தினமும் வணக்கம் சொன்னாள்.

படிப்பு முடிந்ததும் சென்னையில் ஒரு பெரிய மருத்துவமனை கூப்பிட்டது. இளவரசி போகாமல் அதே துறையில் வேலைக்குச் சேர்ந்தாள். அக்கா தலையில் அடித்துக்கொண்டாள்.

"தெனம் அந்தாளு மூஞ்சியிலியா போய் முழிக்கப்போற?"

"முழிச்சாத்தாங்கா மறக்காம இருப்பேன்."

கேஸ் ஷீட்டைக் கிழித்தவர் இண்டெண்ட் புத்தகத்தை மறந்திருப்பார் என்று அவளுக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. தேவகியிடம் மூன்று முறை கேட்டுப் பார்த்தாள். மூன்று முறையும், "எதுக்கும்மா வீண் பேஜாரு" என்று அவர் நழுவிவிட்டார். விருதுச் செய்தி வந்த அன்று மதியம் தேவகியே அவளைத் தேடி வந்தார், பையில் அந்தப் புத்தகத்தோடு.

"விருதாம் விருது. எனக்கு அடுத்த மாசம் ரிடையர்மெண்டு. இனிமே அவரு என்னைய என்னா பண்ணிடுவாரு?"

நாள், மருந்தின் பெயர், இளவரசியின் கையெழுத்து எல்லாம் இருந்தன. கீழே தேவகி எழுதியிருந்தார்: சீஃப் உத்தரவுப்படி மருந்து திருப்பி அனுப்பப்பட்டது. அதன் பக்கத்தில் மாசிலாமணியின் சுருக்கொப்பம். படிக்காமலே போட்டுக்கொடுத்திருக்கிறார். இளவரசி அதை மறுபடி மறுபடி படித்தாள். சந்தோஷத்தில்தான்.

அவள் கொடுக்கும் புகாரைக் கல்லூரி அமுக்கிவிடும். செத்தவரின் மனைவி கொடுத்தால் முடியாது. மறுநாளே பஸ் பிடித்துத் திருவெண்ணெய்நல்லூர் போனாள். பச்சைமுத்துவின் மனைவி பூமாலை, அறுவடையான வயலில் நெல் மூட்டைகளுக்கு வாய் தைத்துக்கொண்டிருந்தாள்.

"வாங்க டாக்டரம்மா" என்று எழுந்தாள். அடையாளம் தெரிந்திருந்தது. இளவரசி ஒன்று விடாமல் சொன்னாள். அக்குள் பொருக்கு, மருந்து, அவர் இழுத்த கோடு, கிழித்த தாள், தனக்குப் போன ஆறு மாதம். பூமாலை கோணி ஊசியை மூட்டையில் குத்தி வைத்தாள்.

"அப்போ இன்னா காய்ச்சல்னு ஒனக்கு அன்னிக்கே தெரியும்."

மரியாதை போய்விட்டதை இளவரசி கவனித்தாள்.

"தெரியுங்க. ஆனா அவரு சீஃப்..."

"நான் மூணு நாளு அந்தக் கட்டிலாண்டதான ஒக்காந்துக்கினு இருந்தேன்? எங்கிட்ட வந்து ஒரு வார்த்த சொன்னியா? வேற எடத்துக்கு இட்டுக்கினு போன்னு சொன்னியா? சொல்லியிருந்தா ஜல்தியா ஒரு வண்டியப் புடிச்சிக்கினு பாண்டிக்கிப் போயிருப்பேனே!"

"என் படிப்பு அவரு கையில இருந்துச்சுங்க. பயந்துட்டேன்."

"ஒனக்கு ஆறு மாசம் போச்சு. எனக்கு?"

நான்கு வருஷத்தில் தான் இழந்ததையே எண்ணிக்கொண்டிருந்திருக்கிறாள் என்பது அந்த வயலில்தான் அவளுக்கு உறைத்தது. அவள் கண் கலங்கியதைப் பார்த்தும் பூமாலை இளகவில்லை.

"அழுவாத. புகார எழுது. அந்தாளு பேர எழுது. கீழயே ஒம் பேரயும் எழுது. ரெண்டும் இருந்தாத்தான் கையெழுத்துப் போடுவேன்."

திண்டிவனம் திரும்பி, அக்கா வீட்டில் உட்கார்ந்து எழுதினாள். தன் பெயரை எழுதும் இடத்தில் வெகுநேரம் பேனா நின்றது. எழுதாமல் விட்டால் அவர் தப்புவார். அதை நினைத்ததும் பேனா ஓடியது. மறுநாள் பூமாலையின் கையெழுத்தை வாங்கி, அவளோடே போய்க் கல்லூரியில் கொடுத்தாள். விருது விழா தள்ளிவைக்கப்பட்டது.

விசாரணை மூன்று மாதம் நடந்தது. குழுவின் முன்னால் தேவகி புத்தகத்தைப் பிரித்துக் காட்டினார். மாசிலாமணி தன் சுருக்கொப்பத்தைப் பார்த்தார். பிறகு இளவரசியின் பக்கம் திரும்பினார்.

"உன்னை டாக்டர் ஆக்கினதே நான்தான்."

"ஆமா சார். தெரிஞ்சும் வாயை மூடிக்கினு நிக்கக் கத்துக்கொடுத்தது நீங்கதான். அதையும் புகார்ல எழுதியிருக்கேன்."

துறைத் தலைவர் பதவியும் பி.ஜி.களுக்கு வழிகாட்டும் உரிமையும் அவரிடமிருந்து பறிக்கப்பட்டன. விருது ரத்தானது. உண்மையை மறைத்ததற்காக இளவரசிக்கு எழுத்துமூலம் கண்டனம். அவளுடைய பதிவேட்டில் அது கடைசிவரை இருக்கும். அன்று மாசிலாமணி தன் அறைச் சாமான்களை அட்டைப் பெட்டியில் போட்டுத் தானே தூக்கிக்கொண்டு படியிறங்கியதை அவள் மாடியிலிருந்து கடைசிப் படிவரை பார்த்தாள். நெஞ்சுக்கு இதமாக இருந்தது. அதை அவள் யாரிடமும் மறைக்கவில்லை.

தீர்ப்பைப் போனில் சொன்னபோது பூமாலை கேட்டாள்: "அவ்ளோதானா? இன்னமும் அவரு டாக்டருதானா?"

"இன்னமும் டாக்டருதாங்க."

"அப்போ மேல எங்க போவணும்?"

"சென்னையில மெடிக்கல் கவுன்சிலுக்குப் போவணும். டாக்டரு லைசென்ஸப் புடுங்கறது அவங்கதான். திரும்பவும் எல்லாத்தையும் விசாரிப்பாங்க. இந்தத் தடவை எனக்கும் கண்டனத்தோட நிக்காது."

"வருவியா?"

"வர்றேங்க" என்றாள் இளவரசி. திங்கட்கிழமைக்கு லீவு எழுதிக் கொடுத்தாள்.