திருப்பி மாட்டிய அட்டை

அப்பாவுக்கு எப்போது தெரிந்தது? அவர் போய் ஒரு வருடம் ஆகிவிட்டது. இந்தக் கேள்விக்கு இன்னும் என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

செங்கல்பட்டில் ஸ்கேன் எடுத்த அன்றே தெரிந்திருக்குமோ என்று சில நாள் தோன்றும். டாக்டர் என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார். கணையத்தில் வந்த புற்றுநோய் ஈரலுக்கும் பரவிவிட்டது என்றார். "இனிமே அங்க இங்கன்னு அலைய வைக்காதீங்கம்மா. வலி இல்லாம இருக்கணும், அதை மட்டும் பாருங்க." வெளியே அப்பா அம்மாவின் பையை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

"என்னம்மா சொன்னாரு?"

"அல்சர்ப்பா. மருந்து எழுதியிருக்கார்."

என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, "பசிக்குது, பூரி சாப்பிடலாம்" என்றார். ஒரு பூரியில் பாதிதான் சாப்பிட்டார்.

அன்றிரவு அம்மாவிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். அப்பாவிடம் கடைசிவரை சொல்ல வேண்டாம் என்று முடிவு செய்தவர் அம்மாதான். "பேரைக் கேட்டாலே பாதி உசுரு பூடும் அவருக்கு. நான் அல்சருன்னே சொல்லிகினு இருக்கேன், நீயும் அப்டியே சொல்லு." சொல்லியாக வேண்டும் என்று காலையில் நினைப்பேன். மகளைப் பள்ளியில் விட்டுவிட்டு வருவதற்குள் மனம் மாறிவிடும். எல்.கே.ஜி. படிக்கும் பிள்ளையின் கேள்விகளுக்கே பதில் தெரியாதவள் நான்.

சதுரங்கப்பட்டினத்தில் தங்கள் வீட்டில் இருந்த இருவரையும் படூரில் எங்கள் அடுக்குமாடி வீட்டுக்கு அழைத்து வந்தோம். வீட்டுக்கே வந்து வலி தணிக்கும் சிகிச்சை தரும் குழு ஒன்று இருப்பதாகக் கணவர் விசாரித்துச் சொன்னார். போன் செய்தேன். எங்கே வலி, யார் கூட இருப்பார்கள் என்று வரிசையாகக் கேட்ட பெண் கடைசியில், "அவருக்குத் தெரியுமா?" என்றார். தெரியாது என்றேன். "நாங்களா சொல்ல மாட்டோம். ஆனா அவரே கேட்டா பொய் சொல்ல மாட்டோம்மா."

அதற்கும் சரி என்றேன். கூடவே ஒன்றைக் கேட்டுக்கொண்டேன். நர்ஸின் கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையில் புற்றுநோய் என்ற சொல் இருக்குமாம். அதைத் திருப்பி மாட்டிக்கொண்டு வர முடியுமா?

இதில்தான் என் முட்டாள்தனம் இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள, அப்பா செய்த வேலையைச் சொல்ல வேண்டும்.

அவருடைய பெற்றோர் திருக்கழுக்குன்றம் பக்கம் பிறர் வயலில் கூலிக்குப் போனவர்கள். அப்பா பத்தாவது முடித்து அணு ஆராய்ச்சி நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தார். முப்பது வருடம் ஒரே வேலை. உள்ளே போகிறவர்கள் சட்டையில் மாட்டிக்கொள்ளும் பேட்ஜை எடுத்துக் கொடுப்பார். திரும்பி வரும்போது வாங்கி அதனதன் கொக்கியில் தொங்கவிடுவார். உடம்பில் எவ்வளவு கதிர்வீச்சு பட்டது என்று அளக்கும் பேட்ஜ் அது. முன்பக்கம் வெளியே தெரிய வேண்டும். எவ்வளவு பெரிய விஞ்ஞானியானாலும் திருப்பி மாட்டியிருந்தால் அப்பா விடமாட்டார். "சார், மூஞ்சியைத் திருப்பிக்கோங்க" என்பார்.

காலையில் நிலைய ஊழியர் நகரியத்துப் பள்ளியின் பஸ் வரும் முன் அதே கை என் அடையாள அட்டையை நேராக்கும். "மூஞ்சி முன்னால இருக்கணும்மா." தோழிகள் பார்க்கிறார்களே என்று எனக்குக் கூச்சமாக இருக்கும். மூங்கில் குச்சிபோல விறைப்பான அந்த விரல்களில் எப்போதும் லைஃப்பாய் சோப்பு வாசம். ஞாயிற்றுக்கிழமை சதுரங்கப்பட்டினம் கோட்டைச் சுவர் நிழலில் எனக்குச் சுண்டல் ஊட்டிய விரல்களும் அவைதான். இவரிடம்தான் அட்டையைத் திருப்பி மாட்டி ஒருத்தியை அனுப்பினேன்.

அந்த நர்ஸ் பெண்ணுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். செவ்வாயும் வெள்ளியும் வருவாள். மருந்துப் பெட்டியிலும் குழுவின் பெயர் இருந்ததால், கீழே வாசலிலேயே அதை ஜவுளிக்கடைக் கட்டைப்பை ஒன்றில் போட்டு எடுத்து வரச் சொல்லியிருந்தேன். சர்க்கரை பார்க்க வருகிறவள் என்று அப்பாவிடம் சொல்லி வைத்தேன்.

"இன்னா நைனா, நாஸ்தா ஆச்சா?" என்று கேட்டுக்கொண்டே வருவாள்.

"ஆச்சு. ரெண்டு இட்லி. பஞ்சு மாரி கீது, ஆனா உள்ள எறங்கல."

"எறங்கலன்னா எனக்கு எடுத்து வெச்சிருக்கலாமில்ல?"

"உனக்கு ரெண்டு பத்துமா? காத்தடிச்சா பால்கனி வழியா பறந்துகினு பூடுவ நீ."

அம்மா சிரிப்பார். நான் காபி போட சமையலறைக்குப் போவேன். என்னிடம் அப்பா இப்படிப் பேசியதே இல்லை. நான் நன்றாகப் படித்து வர வேண்டும் என்று, என்னிடம் மட்டும் வூடு, கீது என்பதை வீடு, இருக்கிறது என்று திருத்திப் பேசியவர். அவருடைய சொந்தப் பேச்சை நான் சுவருக்கு அந்தப் பக்கமிருந்துதான் கேட்டேன். அந்தச் செவ்வாய்களும் வெள்ளிகளும் இப்போதும் வேண்டும் போலிருக்கிறது.

ஆறாவது வாரம், ஒரு வெள்ளிக்கிழமை. பள்ளி சீக்கிரம் விட்டுவிட்டது. அம்மா காய் வாங்கக் கீழே போயிருந்தார். நானும் மகளும் சாவி போட்டுத் திறந்து உள்ளே வந்தோம். நர்ஸ் குனிந்து அப்பாவுக்கு இரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டிருந்தாள். அட்டை நேராகத் தொங்கியது, பெரிய எழுத்துகளோடு. என்னைக் கண்டதும் சட்டென்று திருப்பினாள்.

"வுடு பாப்பா," என்றார் அப்பா அவளிடம். "பாத்துட்டா."

சமையலறைக்கு என் பின்னால் வந்து அவள் சொன்னாள். "மொத நாளே மெதுவா கேட்டாருக்கா. அம்மா கீழ போயிருந்தாங்க, நீங்க காபி போடப் போனீங்க. 'கார்டு மூஞ்சி திரும்பிகினு கீதே, நேராப் போடு'ன்னாரு. போட்டேன். படிச்சாரு. எவ்ளோ நாளுன்னு கேட்டாரு. அது யாருக்கும் தெரியாது நைனா, வலி இல்லாம பாத்துக்கலாம்னேன். 'சரி, திருப்பிக்கோ, எம் பொண்ணு பயந்துக்குவா'ன்னாரு. அதுலேர்ந்து நீங்களும் அம்மாவும் இல்லன்னா நேரா, வந்தா திருப்பிக்கணும். ஆர்டரு."

உள்ளே போனேன். கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டேன். மகள் கட்டிலில் ஏறித் தாத்தாவின் காலடியில் உட்கார்ந்துகொண்டாள்.

"என்னை வூட்டுக்குக் கூட்டினு போ," என்றார் அப்பா. என்னிடம் திருத்திப் பேசாமல் சொன்ன முதல் வாக்கியம் அது. "அப்புறம், எனக்குத் தெரியும்னு உங்கம்மாக்குத் தெரிய வேணாம். அவளால எனக்குச் செய்ய முடிஞ்சது அது ஒண்ணுதான். அதையும் புடுங்கிடாத."

சரிப்பா என்றேன்.

சதுரங்கப்பட்டினத்துக்கு வாரம் ஒரு முறைதான் வர முடியும், மற்ற நாள் நானேதான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார்கள் சிகிச்சைக் குழுவினர். இரண்டு நாளில் கற்றுக்கொண்டேன். எந்த மாத்திரை எப்போது, புண் வராமல் எப்படிப் புரட்டிப் படுக்க வைப்பது, வறண்ட வாயை ஈரப் பஞ்சால் எப்படித் துடைப்பது. சரியாகச் செய்கிறேனா என்று ஒவ்வொரு முறையும் சந்தேகம்தான்.

காரில் போகும்போது, கடல்நீரைக் குடிநீராக்கும் நெம்மேலி ஆலையைப் பார்த்து, "கடலையே குடிச்சிகினு கீறானுங்க மெட்ராஸ்காரனுங்க" என்றார். மாமல்லபுரம் தாண்டியதும் கண்ணாடியை இறக்கச் சொல்லிவிட்டு, வீடு வரும்வரை கண்மூடியிருந்தார்.

வீட்டில் பத்தொன்பது நாள் இருந்தார். அம்மா தினமும், "புண்ணு ஆறிகினே வருது" என்பார். "ஆமா, எரிச்சல் கொறஞ்சிருக்கு" என்பார் அப்பா. ஒரு சாயங்காலம் அம்மா ஸ்பூனால் டீ ஊட்டிக்கொண்டிருந்தார்.

"இத்தினி வருசமா நீ போட்ட டீ குடிச்சேன். நல்லா கீதுன்னு ஒரு நாளு சொல்லல."

"இப்ப இன்னாத்துக்கு அது?"

"சும்மா. நல்லா இருந்துச்சு. எல்லா நாளும்."

"சக்கரை தூக்கலா போட்டேன், அதான்," என்று அம்மா தம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். அப்பா என்னைப் பார்த்தார். நான் போர்வையைச் சரி செய்தேன். அதற்கு நான்காம் நாள் காலையில் அவர் போய்விட்டார், வலியில்லாமல்.

அம்மா இப்போது எங்களோடு படூரில் இருக்கிறார். துக்கம் கேட்க வருகிறவர்களிடமெல்லாம், "ஒண்ணியும் தெரியாமலே பூட்டாரு, அதான் எனக்கு நிம்மதி" என்று சொல்லிக்கொண்டிருந்தார். போன வாரம் என் மகளுக்குத் தலை பின்னிக்கொண்டே, திடீரென்று கேட்டார்: "தெரிஞ்சிருந்தா எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருப்பாரில்ல? நான்தான் தப்பு பண்ணிட்டனோ?"

சொல்லிவிட்டுத்தான் போனார். டீ ஊட்டும்போது சொன்னார். அது விடைபெற்றது என்று அம்மாவுக்குத் தெரியாது. தெரிய வேண்டுமானால் அப்பாவுக்கு எல்லாம் தெரியும் என்பதையும் சொல்லியாக வேண்டும். அம்மா கட்டிக் காத்தது அன்றோடு போய்விடும், அப்பாவுக்கு நான் கொடுத்த வாக்கும் போய்விடும். சொல்லாவிட்டால் அந்த டீ வெறும் டீயாகவே இருந்துவிடும். இல்லை, அம்மாவுக்கும் எல்லாம் தெரிந்து, என்னிடம் அட்டையைத் திருப்பி மாட்டிக்கொண்டு இருக்கிறாரோ என்றும் சில சமயம் சந்தேகம் வருகிறது.

அம்மா இதழ்கள் படிப்பதில்லை என்ற தைரியத்தில் எழுதுகிறேன். இப்படி ஒருவரை வீட்டில் வைத்துப் பார்த்து அனுப்பியவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். அம்மாவிடம் நான் சொல்லலாமா, வேண்டாமா? தயவுசெய்து எழுதுங்கள்.