கட்டத்தில் உட்காராத சொல்

அர்ஜுனன் தேயிலைத் தொழிற்சாலையில் இலை உருட்டும் இயந்திரத்தில் வேலை பார்த்தார். ரிங்லெட் ஊருக்குப் பக்கத்துத் தோட்டக் கோயிலில் ஆர்மோனியமும் அவர்தான். கட்டம் போட்ட கணக்கு நோட்டில் மேல் கட்டத்தில் சுரம், கீழ்க் கட்டத்தில் அதற்குரிய எழுத்து என்று பாட்டை எழுதிவைப்பார். எழுத்து மிஞ்சினால் அந்தச் சொல்லை இரக்கமில்லாமல் அடித்துவிடுவார்.

எழுபத்தெட்டாம் ஆண்டில் தோட்டத்தை நிர்வகிக்கப் புதுத் துரை வந்தார். வரவேற்புப் பாட்டை எழுதியவர் தோட்ட அலுவலகக் கணக்கெழுதும் பெரிய கிராணி சிவசாமி. கிராணிக்குத் தெரிந்த தமிழெல்லாம் கல்யாணப் பத்திரிகைத் தமிழ் என்பது அர்ஜுனனின் கணிப்பு. தாளைப் பார்த்ததும் அது உறுதியாயிற்று. 'எங்கள் நாயகனே' என்று பல்லவி. மெட்டோ, ஒற்றை விட்டு எண்ணினால், நான்காம் எழுத்தில் நின்று, மூன்று கட்டம் காலி விட்டுத்தான் நகரும்.

"கிராணி, 'எங்கள் நாய'ன்னு நின்னுடும். 'தலைவனே'ன்னு மாத்துங்க, சரியா உக்காரும் லா," என்றார்.

"எழுதுறது என் வேலை. நீ பொட்டிய அமுக்கு, போதும்."

அர்ஜுனன் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். மூடனுக்கு இரண்டாம் முறை சொல்வது அவர் வழக்கமில்லை.

விழாவில் கொழுந்து பறிக்கும் அம்மாக்கண்ணு முன்னின்று பாடினாள். "எங்கள் நாய" என்று இழுத்து நிறுத்தி, நிதானமாக மூச்சு வாங்கினாள். கூட்டம் முந்தானைக்குள் சிரித்தது. தமிழ் தெரியாத துரை, மக்களின் மகிழ்ச்சி கண்டு பூரித்து இன்னொரு தடவை பாடச் சொன்னார். கிராணியின் முகம் வெளிறியது.

அதோடு முடியவில்லை. ஆண்டுதோறும் அதே பாட்டு வேண்டுமென்று துரை சொல்லிவிட்டார். மறுவருடம் கிராணி தாமே உருட்டுமிடத்துக்கு வந்து, 'தலைவனே' என்றே மாற்றச் சொல்லிக் கெஞ்சினார். எழுதுவது தன் வேலையில்லை என்று அர்ஜுனன் இயந்திரத்தைப் பார்த்தபடியே சொன்னார். ஆறு வருடம் துரை நாயானார். ஆறு வருடமும் கைதட்டினார். கிராணிக்குச் சம்பளம்கூட உயர்ந்தது. அது அர்ஜுனனின் வயிற்றைக் கொஞ்சம் எரித்தது உண்மை.

எண்பத்து நான்காம் ஆண்டில் வேலையை விட்டுக் கோலா தெர்லா என்ற ஊரில் முட்டைக்கோசு போட்டார். அங்கும் பஜனைக்குப் பாட்டெழுதிக்கொண்டு ஆட்கள் வந்தார்கள். இரண்டு வரி படித்ததும் தாளைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். பிறகு வருவோர் குறைந்தார்கள். வெள்ளிக்கிழமைகளில் தனியாகவே வாசித்தார், பெரும்பாலும் சொல்லில்லாமல்.