தோற்காத அணியின் ரோல்ஸ் கடை

இன்று முழு விசர்க் கோபத்தில் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்!

போன கிழமை டெக்ஸாஸில் படிக்கும் என் மச்சான் எங்கள் ஊரான ரொம்மனுக்கு வந்து வீட்டில் நின்றான். சோற்றுக் கையோடு, அமெரிக்கக் கல்லூரி ஃபுட்போல் பற்றி வகுப்பெடுத்தான். (கையால் விளையாடும் ஃபுட்போல். அதை நான் கேள்வி கேட்கவில்லை.)

"மூண்டு டிவிஷன், மச்சான். முதலாவது திரும்ப ரெண்டா உடையும். உள்ளுக்கை கொன்ஃபரன்ஸ் எண்டு பிரிவுகள். ஒவ்வொண்டுக்கும் ஒரு சாம்பியன்."

"பிறகு அவை மோதுவினம், என்ன?"

"கீழ் டிவிஷனிலை ஓம், நொக்அவுட். ஆக மேல் மட்டத்திலை அது இல்லை. ஃபைனலுக்கு எந்த ரெண்டு அணி எண்டு வாக்கெடுப்பும் கம்பியூட்டரும் சொல்லும்."

"எல்லா மட்சும் வெண்ட அணி?"

"சின்ன கொன்ஃபரன்ஸ் எண்டால் வெளியிலைதான். வேறை ஆறுதல் மட்ச் ஒண்டு குடுப்பினம்."

சிரித்து எனக்குப் புரையேறிவிட்டது! பத்து என்று பெயர் வைத்த கொன்ஃபரன்ஸில் பதினொரு அணியாம். "உங்கடை ஆக்களுக்கு எண்ணவும் தெரியாது" என்றேன்.

வாய் சும்மா இருந்திருக்கலாம்.

எங்கள் தமிழ் உதைபந்தாட்டப் போட்டியில் நான் ரொம்மன் அணியின் கோல் கீப்பர். முழங்கால் போய்விட்டது, இதுதான் கடைசி வருடம். மூன்று பிரிவு, ஃபைனலுக்கு இரண்டு இடம். எங்கள் பிரிவில் ஐந்து மட்ச், ஐந்தும் வெற்றி!

இன்று காலை போட்டிச் செயலாளர் போன் எடுத்தார்.

"தம்பி, கொமிட்டி வாக்கெடுத்தது. திராமன் அணியும் பியோர்ண்டால் அணியும் ஃபைனல்."

"அண்ணை, அவை ரெண்டும் ஆளுக்கொரு மட்ச் தோத்தவை! நாங்கள் தோக்கேல்லையே!"

"ஓம். ஆனா நீங்கள் வெண்டது சின்ன அணியளைத் தம்பி. அவை தோத்தது பெரிய அணியளிட்டை."

பெரிய இடத்தில் தோற்பதுதான் பெருமையாம்! உண்மையைச் சொன்னால் எனக்கு அழுகை வந்துவிட்டது. கையுறையை அலுமாரிக்குள் எறிந்தேன்.

பிறகு மச்சானுக்குப் போன் எடுத்துச் சொன்னேன்.

"கம்பியூட்டரும் பாவிச்சவையோ?"

"எங்கடை ஆக்களுக்கு அது தேவையில்லையடா."

"அப்ப ஆறுதல் மட்ச்?"

அதுவும் கிடைத்தது! பின்னேரம் செயலாளர் திரும்ப எடுத்தார். "தம்பி, ஃபைனல் அண்டைக்கு டுக்னாட் வேலைக்கு ஆள் காணாது. உங்கடை பெடியள் சும்மாதானே நிப்பினம், ரோல்ஸ் கடையைப் பாக்கட்டும்."

சம்பளமில்லாப் பொதுவேலைக்கு மட்டும் வாக்கெடுப்பே இல்லாமல் தெரிவாகிவிட்டோம்!

ஆகவே சனிக்கிழமை எல்லோரும் வாருங்கள். சுடச்சுட ரோல்ஸ் தருவது, இந்தப் போட்டியில் ஒரு மட்சும் தோற்காத ஒரே அணி. நான் கோல் கீப்பர் சட்டையோடுதான் நிற்பேன்.

கொமிட்டிக்காரர் மட்டும் கொஞ்சம் தள்ளி நில்லுங்கள். உங்களுக்கு ரோல்ஸ் கொடுப்பதா என்று நாங்கள் வாக்கெடுக்கவேண்டும்!