நாலாவது கேள்வி

என் கடைசித் தம்பியின் மகள் பெனிட்டா போன மாதம் எங்கள் வீட்டு சோபாவில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஒரு கையில் முறுக்கும் இன்னொரு கையில் செல்போனுமாகப் பல் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்துவிட்டாள். விரலால் ஒரு தட்டு தட்டினாள், கல்லூரியின் பெயர் வந்து நின்றது. கடித்த முறுக்கைக் கீழே வைக்கக்கூட அவளுக்கு அவசியம் வரவில்லை.

"அத்தே, நீ சேரும்போது உன் ரேங்க் எத்தினி?"

"அப்போ ரேங்க்லாம் இல்ல. இன்டர்வியூதான். நாலு பேர் உக்காந்துக்கினு கேள்வி கேப்பாங்க."

"இன்னா கேப்பாங்க?"

நாற்பது வருஷமாக ஆம்பூர்க்காரர்களின் வாயைத் திறக்க வைத்தவள் நான். அன்றைக்கு என் வாய் திறக்கவில்லை. "காபி ஆறிப்போவுது பாரு" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய் நின்றுகொண்டேன்.

கிளினிக்கிலிருந்து வந்து இரண்டு தடவை கை கழுவியும் விரலில் கிராம்புத் தைல வாசனை மிச்சமிருந்தது. இந்த வாசனையை நான் முதன்முதலாக முகர்ந்தது எழுபதுகளின் கடைசியில், மெட்ராஸில், அந்த இன்டர்வியூ நடந்த பழைய கட்டடத்தின் நீளமான வராந்தாவில். கிராம்பு, பினாயில், ஈரச் சுண்ணாம்பு எல்லாம் கலந்து ஒரு வாசனை. யாரோ பக்கத்தில் பிரியாணிக்குத் தாளிக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆம்பூர்க்காரிக்கு வேறென்ன தோன்றும், சொல்லுங்கள்.

வாசனை என்றதும் எங்கள் ஊர் வாசனையையும் சொல்லிவிட வேண்டும். ரயிலில் வருகிறவர்கள் ஆம்பூர் நெருங்கினாலே மூக்கைப் பொத்துவார்கள். எதற்குப் பொத்துகிறார்கள் என்று சின்ன வயதில் எனக்கு விளங்கியதே இல்லை. ஊறவைத்த தோலும் அதைப் பதனிடுகிற ஆவாரம்பட்டையும் எங்களுக்குக் காற்று மாதிரி. அன்று அந்த வராந்தா பெஞ்சில் எங்கள் பக்கத்தில் உட்கார்ந்த மெட்ராஸ் பெண் ஒருத்தி இரண்டு நிமிஷத்தில் எழுந்து எதிர் பெஞ்சுக்குப் போய்விட்டாள். ஷமீம் என் காதில், "நம்ம ஊரும் நம்ம கூடவே டிக்கெட் இல்லாம வந்துருக்குடி" என்றாள். சிரிப்பை அடக்க முடியாமல் நான் இருமினேன்.

ஷமீம் என் தோஸ்த். ஆம்பூரில் அடுத்தடுத்த தெரு. இரண்டு பேரும் வேலூரில் பி.யூ.சி. படித்தோம். தினமும் ஒரே பஸ், ஒரே சீட், ஒரே டிபன் பாக்ஸ் என்றுகூடச் சொல்லலாம், அவள் வீட்டுக் குருமாவுக்கு முன்னால் எங்கள் வீட்டு எலுமிச்சம்பழச் சாதம் என்றைக்கும் ஜெயித்ததில்லை. என் அம்மா பள்ளிக்கூட டீச்சர், அப்பா ஒரு தோல் ஷாப்பில் குமாஸ்தா. ஷமீமின் அப்பா பச்சைத்தோல் தரகர்.

தோல் மண்டியில் விலையை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். வாங்குகிறவரின் கைமேல் ஒரு துண்டைப் போட்டு மூடி, அதற்குள்ளே தரகர் அவருடைய விரல்களைப் பிடிப்பார். எத்தனை விரல் பிடிக்கிறாரோ அதுதான் விலை. பேரம் படிந்தால் முழுக்கையையும் பிடித்து ஓர் அழுத்து அழுத்துவார். சுற்றி நூறு பேர் நின்றாலும் அந்த இரண்டு பேரைத் தவிர யாருக்கும் தெரியாது. இதைச் சின்ன வயதில் பார்த்துப் பழகிய ஷமீம் எனக்கும் கற்றுக்கொடுத்தாள். வகுப்பில் என் தாவணிக்கு அடியில் நாங்கள் பேசிய பேச்சுக்கு அளவே இல்லை. பரீட்சையில் எத்தனை கேள்வி எழுதினாய், இன்றைக்கு டிபனில் எத்தனை இட்லி, எல்லாம் விரலில்தான். காசில்லாத டெலிபோன்.

இன்டர்வியூவுக்குக் கார்டு வந்ததும் முன் வருஷம் போய்வந்த ஓர் அக்காவிடம் கெஞ்சி, கேட்கக்கூடிய பன்னிரண்டு கேள்விகளை நம்பர் போட்டு நோட்டில் எழுதிக்கொண்டோம். உடம்பில் மிகக் கெட்டியான பொருள் எது, மாநில சுகாதார மந்திரி யார், பொழுதுபோக்கு என்ன, இப்படி. நாலாவது கேள்விதான் ஆளை விழுங்குகிற கேள்வி. "மருத்துவம் இருக்க, பல் படிப்பு எதற்கு?" உண்மையான பதில் எல்லோருக்கும் ஒன்றுதான், மருத்துவத்துக்கு மார்க் பத்தாது. அதைச் சொல்லக் கூடாது என்பதுதான் பரீட்சை.

எனக்கு என் அம்மா பதில் எழுதித் தந்தாள். சேவை, தியாகம், ஏழை எளியோர் எல்லாம் வரும், ஆண்டு விழாவில் படிக்கலாம். ஷமீம் தானே எழுதினாள். அம்மீ என்று அவள் கூப்பிடும் அவளுடைய அம்மா ஒரு தடவை கன்னம் வீங்கி மூன்று வாரம் முகத்தைத் துணியால் கட்டிக்கொண்டு கிடந்தார். ஊரில் இருந்தவர் ஆண் டாக்டர். அவர் முன்னால் புர்காவை விலக்கி வாயைத் திறக்க மாட்டேன் என்று பிடிவாதம். கடைசியில் இரண்டு பல் தானாகவே விழுந்தது. ஷமீம் எழுதிய பதில் இதுதான்: "எங்கள் தெருவில் பெண்கள் வலியைப் பொறுத்துக்கொள்வார்கள், வாயைத் திறக்க மாட்டார்கள். அவர்கள் வாயைத் திறப்பதற்கு ஒரு பெண் வேண்டும். அந்தப் பெண்ணாக நான் இருக்க ஆசைப்படுகிறேன்." இங்கிலீஷில் எழுதி, டீச்சரான என் அம்மாவிடம் திருத்தித் தரச் சொல்லிக் காட்டினாள். அம்மா ஓர் எழுத்துக்கூட மாற்றவில்லை.

அப்புறம் சான்றிதழ், கையெழுத்து என்று வேலூருக்கு அலைந்த நாட்களிலெல்லாம் பஸ்ஸில் ஒத்திகை. போகும்போது நான் அதிகாரி, வரும்போது அவள் அதிகாரி. வழியில் பள்ளிகொண்டா வருவதற்குள் அவள் பதிலை மூன்று தடவை கேட்டிருப்பேன். இது பின்னால் எங்கே கொண்டுபோய்விடும் என்று அப்போது தெரியவில்லை.

அந்த வராந்தாவை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. ஐம்பது அறுபது பேர், எல்லார் மடியிலும் சான்றிதழ் ஃபைல், எல்லாரும் அடுத்தவர் பல்லையே பார்த்துக்கொண்டிருந்தோம். பல் படிப்புக்கு வந்தவர் பல் எப்படி இருக்கிறது என்று அதிகாரிகள் பார்ப்பார்கள் என்று ஒரு வதந்தி. முன் பல் கோணலான ஒரு பையன் காலையிலிருந்து உதட்டைத் திறக்கவே இல்லை, பேர் கேட்டால்கூடத் தலையை ஆட்டினான். எங்கள் அப்பாக்கள் இருவரும் வெளியே மரத்தடியில் நின்றார்கள். கதவருகே ஒரு பியூன். உள்ளே போய் வந்தவர் யாரிடமும் ஒரு வார்த்தை பேசக் கூடாது என்பது அவருடைய சட்டம். "ஏய், வாய மூடிக்கினு போ" என்று விரட்டிக்கொண்டே இருந்தார்.

ஷமீம் எனக்கு முன்னால் போனாள். திரும்பி வந்தபோது நெற்றியெல்லாம் வேர்வை. அவள் பை என்னிடம் இருந்தது. அதை வாங்குகிற சாக்கில் குனிந்து, தாவணிக்கு அடியில் என் நாலு விரலைப் பிடித்தாள். அடுத்து முழுக்கையையும் ஓர் அழுத்து அழுத்தினாள். நாலாவது கேள்வி கேட்டார்கள், நன்றாகச் சொல்லிவிட்டேன், நீயும் தயாராக இரு என்று அர்த்தம். பியூன் நிமிர்வதற்குள் போய்விட்டாள். அத்தனை பயத்திலும் அவளுக்கு நான் ஞாபகம் இருந்தேன்.

உள்ளே மூன்று ஆண்கள், கண்ணாடி போட்ட ஓர் அம்மாள். ஒருவர் சாக்பீஸும் பிளேடும் கொடுத்து ஒரு பல் செதுக்கச் சொன்னார். நான் செதுக்கியது கொழுக்கட்டை. அதை மேஜைமேல் வைத்ததும் அந்த அம்மாள் நாலாவது கேள்வியைக் கேட்டார். நான் தயார்தான். வாயைத் திறந்தேன். சேவையும் தியாகமும் எங்கே போயின என்று தெரியவில்லை. வந்தது ஷமீமின் பதில். "எங்கள் தெருவில் பெண்கள் வலியைப் பொறுத்துக்கொள்வார்கள்..." என் பதிலைவிட அவள் பதில்தான் எனக்கு நன்றாகப் பாடமாகியிருந்தது. நிறுத்தவும் தெரியாமல் கடைசிவரை சொல்லிவிட்டேன்.

அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றினார். "கொஞ்ச நேரத்துக்கு முன்னால் உங்கள் ஊர்ப் பெண் இன்னொருத்தி இதையே சொன்னாள். இது யாருடைய பதில்?"

"என்னுடையதுதான் மேடம். நான்தான் அவளுக்கு எழுதிக் கொடுத்தேன்."

பயத்தில் வாய்தவறி வந்துவிட்டது என்று ரொம்ப வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பயம் இல்லை. ஆசை. அந்த இடம் எனக்கு வேண்டும் என்று இருந்தது, அவ்வளவுதான். "ரொம்ப நல்ல பதில்" என்று சொல்லி அந்த அம்மாள் தாளில் ஏதோ எழுதினார்.

திரும்பும் ரயிலில் அரக்கோணம் தாண்டியதும் ஷமீமிடம் சொன்னேன். பாதியைத்தான் சொன்னேன். என் பதில் மறந்துபோய் உன் பதிலைச் சொல்லிவிட்டேன் என்பதுவரை. அவள் கோபித்துக்கொள்வாள் என்று பார்த்தால் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"அதுக்கு ஏன்டி இவ்ளோ பேஜார்? யாருக்குக் கெடைச்சாலும் டாக்டரு நம்ம தெருவுக்குத்தான் வரப்போறா."

எனக்குக் கிடைத்தது. அவளுக்குக் கிடைக்கவில்லை. நான் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தால்தான் போனதா, மார்க்கில் போனதா, எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் இல்லை. சேதி தெரிந்த அன்று எங்கள் வீட்டுக்கு வந்து என் அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதது அவள்தான், சந்தோஷத்தில். அப்புறம் பி.எஸ்ஸி. முடித்தாள், வாணியம்பாடியில் கல்யாணமாயிற்று.

எண்பதுகளின் நடுவில் நான் ஆம்பூரில் கிளினிக் போட்டேன். முதல் மாதம் ஈ ஓட்டினேன். இரண்டாவது மாதம் ஷமீம் வாணியம்பாடியிலிருந்து பஸ் பிடித்து வந்து, தாய்வீட்டுத் தெருப் பெண்களை ஒவ்வொருவராகக் கையைப் பிடித்துக் கூட்டிவந்தாள். முதல் ஆள் அவளுடைய அம்மீ. கதவைச் சாத்தி, புர்காவை விலக்கி, அவர் என் முன்னால் வாயைத் திறந்தார். நாலே பல் மிச்சம். ஷமீம் என் தோளில் கை போட்டுக்கொண்டு எல்லோரிடமும் பெருமையடித்தாள். "இவ என் தோஸ்த். நான் எழுதுன பதிலச் சொல்லித்தான் டாக்டரானா, தெரியுமா?" எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பைச் சிரித்து முடிக்க எனக்கு நாற்பது வருஷம் பிடித்தது.

இப்போது மண்டியில் துண்டுக்குள் கை விடுகிற ஆளைக் காணோம், விலை செல்போனில் பேசுகிறார்கள். அந்த மெட்ராஸ் வராந்தாவை இடித்துவிட்டார்கள் என்று கேள்வி. எங்கள் தெருவிலேயே மூன்று பெண் பல் டாக்டர்கள். இதெல்லாம் போனால் போகட்டும். வெள்ளிக்கிழமைகளில் ஆண்கள் மசூதிக்குக் கிளம்பினதும் ஷமீம் எனக்குப் போன் பண்ணுவாள். மழையோ காய்ச்சலோ, ஒரு வெள்ளிக்கிழமை தவறியதில்லை. பெனிட்டா கேள்வி கேட்ட வாரம் அவள் போன் வந்ததும் மீதிப் பாதியைச் சொல்லிவிட்டேன். சின்னப் பெண்ணிடம் சொல்ல முடியாததை வைத்துக்கொண்டு இன்னும் எத்தனை நாள் இருப்பது?

அந்தப் பக்கம் குக்கர் ஒரு விசில் விட்டது.

"அந்தம்மா அதுக்கு இன்னா சொன்னாங்க?"

"ரொம்ப நல்ல பதில்னாங்க."

"எங்கிட்ட ஒண்ணும் சொல்லலடி." என்றாள். "பதிலு நல்லாத்தான் இருந்துச்சு, அதான் உனக்குக் கெடைச்சிது, சொன்ன நான்தான் சரியில்லன்னு இத்தினி வருஷமா நெனச்சிக்கினு இருந்தேன்." குக்கரை இறக்க வேண்டும் என்று சொல்லி வைத்துவிட்டாள்.

மூன்று வெள்ளிக்கிழமை ஆகிவிட்டது, அவள் போன் வரவில்லை. நானே கூப்பிடலாம். இரண்டு தடவை போனைக் கையில் எடுத்து வைத்துவிட்டேன். நான் கூப்பிட்டு அவள் எடுக்காமல் விட்டால் எனக்குத் தெரிந்துபோகும். தெரியாத வரைக்கும் அவள் என் தோஸ்துதான்.