பன்னிரண்டாவது பை

பச்சை நிறத் துணிப் பை அது. ஜிப் அறுந்துபோய், வாயை இரண்டு ஊக்கு போட்டு மூடியிருந்தது. வல்லக்கோட்டை ஸ்டாப்பிங்கில் கம்பெனி பஸ்ஸுக்காக நாங்கள் வைக்கும் பைகளின் வரிசையில், எல்லாவற்றுக்கும் கடைசியாக, ஒரு திங்கட்கிழமை விடியற்காலையில் அதைப் பார்த்தேன். எங்கள் ஸ்டாப்பிங்கில் ஆள் வரிசையில் நிற்பதில்லை, பைதான் நிற்கும். சாப்பாட்டுப் பையைச் சாலையோரம் வைத்துவிட்டு, எதிரே டீக்கடைக்கோ, கோயில் பக்கம் திரும்பி ஒரு கும்பிடு போடவோ போய்விடுவோம். பஸ் வந்ததும் அவரவர் பையை எடுத்துக்கொண்டு அந்த வரிசைப்படியே ஏறுவோம். இதற்காக யாரும் சண்டை போட்டு நான் பார்த்ததில்லை.

தினமும் அந்தப் பைகளை எண்ணுவது என் பழக்கம். அதுவரை யாரிடமும் அதைச் சொன்னதில்லை. பதினோரு பெண்கள் ஏறும் ஸ்டாப்பிங், பதினோரு பை. பத்து இருந்தால் போச்சு. யாருக்கு என்ன ஆச்சோ, வரும் வழியில் லாரி கீரி என்று மனசு எங்கெங்கோ போகும். சின்ன வயசிலிருந்தே நான் அப்படித்தான். கேஸை அணைத்தேனா என்று பாதி வழியிலிருந்து வீட்டுக்குத் திரும்பி ஓடியிருக்கிறேன். அணைத்துத்தான் இருக்கும். அன்றைக்கு எண்ணியபோது பன்னிரண்டு வந்தது. மறுபடி எண்ணினாலும் பன்னிரண்டு. ஒன்று குறைந்தால் பயப்படத் தெரிந்த எனக்கு, ஒன்று கூடினால் என்ன செய்வதென்று தெரியவில்லை.

பஸ் வந்தது. எல்லோரும் ஏறிவிட்டார்கள். பச்சைப் பை மட்டும் தனியாக உட்கார்ந்திருந்தது. நான் ஒரு காலைப் படியிலும் ஒரு காலைத் தரையிலும் வைத்துக்கொண்டு, "யாருதுப்பா இந்தப் பை? இன்னும் ஒருத்தர் வரணும் போல கீது" என்றேன்.

"ஏறுக்கா, குண்டு கிண்டு வெச்சிருக்கப் போறாங்க" என்று உள்ளேயிருந்து ஒருத்தி குரல் கொடுக்க, பஸ்ஸே சிரித்தது. டிரைவர் அண்ணன் ஹாரனை அழுத்தினார். "தாயே, ஒண்ணு ஏறு, இல்ல எறங்கு."

அப்போதுதான் எதிர்ப்புற டீக்கடையிலிருந்து ஒருவர் கண்ணாடி கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, முழங்காலைப் பிடித்தபடி சாலையைக் கடந்து வந்தார். "என்னுதுதாம்மா" என்றார். "உன் பேரு இன்னா?"

அவர்தான் அமைப்பாளர் அக்கா. இந்தப் பக்கத்துக் கம்பெனிகளில் வேலை செய்யும் பெண்கள் சேர்ந்து ஒரு மன்றம் வைத்திருக்கிறோம். உறுப்பினர் யாருக்காவது உடம்பு முடியவில்லையென்றால் ஆஸ்பத்திரிக்குக் கூடப் போவது, வீட்டுக்காரர் திடீரென்று ரூமைக் காலி செய்யச் சொன்னால் போய்ப் பேசுவது, பி.எஃப். ஃபாரம் நிரப்பித் தருவது, இவ்வளவுதான் அதன் வேலை. அக்கா பல வருஷம் கம்பெனியில் அசெம்பிளி லைனில் நின்று முழங்கால் போனபிறகு மன்றத்துக்கு வந்தவர். ஒவ்வொரு ஸ்டாப்பிங்கிலும் யார் வந்தார்கள், யார் வரவில்லை என்று பார்த்து ரிஜிஸ்டரில் எழுத ஒரு பொறுப்பாளரைப் பிடிப்பது அவர் பாடு. சம்பளம் கிடையாது, நன்றியும் எப்போதாவதுதான். யார் வருவார்கள்?

முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை அங்கன்வாடியில் அதற்காக எங்கள் ஸ்டாப்பிங் பெண்களுக்கு ஒரு கூட்டம் போட்டிருந்தார். போனால் தலையில் கட்டிவிடுவார்களோ என்ற பயத்தில், துவைத்த துணியையே மறுபடி துவைத்துக்கொண்டு நான் வீட்டிலேயே இருந்துவிட்டேன். அங்கே என்ன நடந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. யார் பொறுப்பு எடுக்கிறீர்கள் என்று அக்கா கேட்டதும், குழந்தைகளுக்கான குட்டி நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் தரையைப் பார்த்தார்களாம். யாரோ என் பெயரைச் சொல்ல, பத்துப் பேரும் கை தட்டினார்களாம். வராதவள் பெயரைச் சொல்வதில் அப்படி ஓர் ஒற்றுமை! அக்கா எழுதிக்கொள்ளவில்லை. "வராதவங்க பேர எழுதுனா, வந்தவங்களும் அடுத்த வாட்டி வர மாட்டாங்க" என்று சொல்லிவிட்டாராம்.

அதனால்தான் பஸ் படியில் நின்று நான் பெயரைச் சொன்னதும் அவர் அப்படிச் சிரித்தார். "அட, நேத்து ஜெயிச்ச கேண்டிடேட்டு நீதானா!"

அன்று சாயங்காலம் வீட்டுக்கே வந்துவிட்டார். நான் ஏழாவதோடு நின்றவள், ரிஜிஸ்டரில் எழுதச் சொன்னால் தப்பும் தவறுமாகத்தான் வரும், நாலு பேர் எதிரே வாய் வராது, எதற்கெடுத்தாலும் பயம் என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "நல்லா பேசறவங்கள வெச்சுப் பாத்துட்டேம்மா. நல்லா பேசியே வேற கம்பெனிக்குப் பூடறாங்க. நீ பன்னெண்டாவது பைக்கு பஸ்ஸ நிறுத்தின பாரு, எனக்கு அந்த ஆளுதான் வேணும். அந்தப் பயத்துக்கு ஒரு வேலயக் குடு. ஒரு வாரம் பாரு, வாணான்னா வுட்டுடு." பையை வேண்டுமென்றேதான் வைத்தீர்களா என்று கேட்டேன். கை வலித்தது, வைத்தேன் என்றார். நான் நம்பவில்லை. ஆனாலும் ஒரு வாரத்துக்குச் சரி என்றேன்.

வியாழக்கிழமை பத்துப் பை. சிவப்பு ஒயர் கூடையைக் காணோம். அது தூத்துக்குடிப் பக்கத்துப் பெண்ணினுடையது. தனியாக ஒரு லைன் வீட்டில் குடியிருந்தாள், அதிகம் பேசமாட்டாள். போன் போட்டால் சுவிட்ச் ஆஃப். பஸ் வந்தது, ஏறிவிட்டேன். பஸ் நகர்ந்தது. இறங்கினால் அன்றைய வேலை போகும். அந்த மாதம் முழுக்க ஒரு நாள்கூட லீவு போடாதவள் நான், சூப்பர்வைசரிடம் என்ன சொல்வது? இறங்காவிட்டால், அக்காவுக்குக் கொடுத்த ஒரு வாரம் அன்றோடு பொய். வளைவு வரைக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டு தவித்தேன். "அண்ணே, நிறுத்துங்க!" என்று கத்தியது என் குரல்தான் என்று எனக்கே பிறகுதான் புரிந்தது.

"மறுபடியும் நீயாம்மா?" என்றார் டிரைவர் அண்ணன்.

ஓடினேன். கதவைத் தட்டினேன், இடித்தேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் எழுந்து வந்துவிட்டார்கள். கடைசியில் அவள் தலைவிரி கோலமாய்க் கண்ணைக் கசக்கிக்கொண்டு கதவைத் திறந்தாள். முந்தின நாள் சாயங்காலம் அவளைச் செகண்ட் ஷிப்டுக்கு மாற்றிவிட்டார்களாம். போனில் சார்ஜ் இல்லை. நன்றாகத் தூங்கியிருக்கிறாள், அவ்வளவுதான். அவமானத்தில் அப்படியே திரும்பிப் போகப் பார்த்தேன்.

"யக்கா, என்னைத் தேடியா வந்திய?" என்றாள். நான் தலையாட்டினேன். அப்படியே வாசலில் உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டாள். "எட்டு மாசமா இந்தக் கதவை ஒரு ஆள் தட்டல யக்கா. வாடகைக்குக்கூட வீட்டுக்காரவிய போன்லதான் கூப்புடுவாவ."

மறுநாள் பஸ்ஸில் ஒரே கிண்டல். "வாங்க இன்ஸ்பெக்டர் அம்மா!" என்று இடம் விட்டார்கள். நான் அக்காவுக்குப் போன் செய்து, "வாணாம்கா, சும்மா தூங்கினு இருந்த பொண்ண எழுப்பிட்டு வந்துட்டேன்" என்றேன்.

"எழுப்பினதுக்கு அது இன்னா பண்ணுச்சு?"

"அழுதுச்சு. அப்பறம் டீ போட்டுக் குடுத்துச்சு."

"அப்பறம் இன்னாம்மா வோணும் உனக்கு?" என்று சொல்லி வைத்துவிட்டார்.

விட்டுவிடவில்லை. இன்றுவரை எங்கள் ஸ்டாப்பிங் ரிஜிஸ்டர் அந்தத் தூத்துக்குடிப் பெண்ணின் எழுத்தில்தான் இருக்கிறது. நான் எண்ணுவேன், அவள் எழுதுவாள். பஸ்ஸில் கிண்டல் செய்தவர்களும் ஷிப்ட் மாறினால் முதலில் எனக்குத்தான் போன் செய்கிறார்கள். "நீ கதவ ஒடச்சிடுவியேக்கா" என்பார்கள். பயம் போகவில்லை. ஆனால் சும்மா உட்கார்ந்து என்னைத் தின்பதற்கு அதற்கு இப்போது நேரமில்லை.

போன வருஷம் அக்கா வாலாஜாபாத் பக்கம் புது உறுப்பினர்களைச் சேர்க்கப் போனார். போகும்போது அந்தப் பச்சைப் பையை என்னிடம் கொடுத்தார். உள்ளே ஒன்றுமில்லை, கனத்துக்கு நாலைந்து பழைய நியூஸ் பேப்பர். அன்றைக்கும் இதே பேப்பர்தானா என்று கேட்டதற்குச் சிரித்தார்.

சேரப்பணஞ்சேரி ஸ்டாப்பிங்குக்குப் பொறுப்பாளர் கிடைக்கவில்லை. எனக்குச் செகண்ட் ஷிப்ட் வரும் வாரத்தில், காலையில் அங்கே போய்ப் பையை வரிசையில் வைத்துவிட்டு எதிரே டீக்கடையில் நின்றேன். முதல் மூன்று நாளும் பஸ் வந்தது, போனது. பை அப்படியே கிடந்தது. ஒரு நாய் மட்டும் முகர்ந்து பார்த்தது. உலகத்தில் நான் ஒருத்திதான் இப்படிக் கிறுக்கோ என்றுகூட நினைத்துவிட்டேன்.

நாலாவது நாள், எல்லோரும் ஏறிய பிறகு ஒல்லியாக ஒரு பெண் படியில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாக நின்றாள். உள்ளேயிருந்து, "ஏறுடி, டைம் ஆவுது" என்று சத்தம். அவள் ஏறவில்லை. "இருங்கடி, யாரோ பைய வெச்சுட்டு எங்கியோ பூட்டாங்க" என்று சாலையின் இரண்டு பக்கமும் பார்த்தாள். ஹாரன் அடித்தது. அப்போதும் ஏறவில்லை.

பாதி டீயை அப்படியே வைத்துவிட்டுச் சாலையைக் கடந்தேன்.

"என்னுதுதாம்மா" என்றேன். "உன் பேரு இன்னா?"