நீலக் கூரையா, பச்சைக் கூரையா

குற்றாலத்தில் ஐந்தருவி போகிற வழியிலுள்ள படகுத்துறையில் அவர் கயிறு பிடிப்பவர். முழங்கால் வரை மடித்த காக்கி பேண்ட், காதில் சாரலில் நனைந்த பீடி. ஆளை ஏற்றுமுன் படகின் விளிம்பை ஒரு காலால் அழுத்தி, தண்ணீர் அடங்கும்வரை பார்த்துக்கொண்டு நிற்பார்.

வாதம் வந்து பேச்சுப் போன அப்பாவை ஆறு மாதம் கழித்து வெளியே கூட்டி வந்திருந்தோம். ஒரே மாதிரி இரண்டு மிதவைப் படகுகள். ஒன்றுக்கு நீலக் கூரை, மற்றதற்குப் பச்சை. கத்தரிக்காய் வாங்கவே அரைமணி நேரம் எடுக்கிற நான் மாறி மாறிப் பார்த்தேன்.

"பொண்ணா பாக்க வந்தீங்க?" என்றாள் மனைவி.

கயிறு பிடிப்பவர் எங்களை விட்டுவிட்டு அப்பாவின் சக்கர நாற்காலி முன்னால் குத்தவைத்தார். "பெரியவரே, எதுல போணும்?"

"அவுகளால பேச முடியாது" என்றேன்.

"கை இருக்குல்லா அண்ணாச்சி."

காத்திருந்தார். பின்னால் வரிசை முணுமுணுத்தது. அப்பாவின் இடது கை மெல்ல எழும்பிப் பச்சையைக் காட்டியது.

திரும்பி வந்து இறங்கும்போது கயிறு பிடிப்பவரிடம் கேட்டேன். "ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?"

"ஒண்ணும் கெடையாது."

"பொறவு எதுக்கு அவ்வளவு நேரம் கேட்டீரு?"

"போறது அவுகல்லா?"

ஆறு மாதமாக அப்பாவின் சட்டையிலிருந்து சாப்பாடு வரை எல்லாம் நான்தான் முடிவு செய்தேன். வெட்கம் வந்திருக்கவேண்டும். எதுவும் வரவில்லை. மறுநாள் காலை இரண்டு சட்டைகளைத் தூக்கிப் பிடித்து, துணிக்கடைப் பொம்மை மாதிரி அப்பா முன்னால் நின்றேன்.

அப்பா அவசரப்படவில்லை.