பதினாறாம் மாடியில் ஆறு பேர்

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். நான் கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதுகிறேன். எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

அப்போது சீனாவின் கான்சு மாகாணத்தில், மண்குன்றுகளை வெட்டிச் சமமாக்கி அரசாங்கம் கட்டிக்கொண்டிருந்த ஒரு புதுநகரத்தின் நிர்வாக அலுவலகத்தில் ஒப்பந்த வேலை பார்த்தேன். நகரம் வந்தால் தொழிற்சாலை வரும், வேலை வரும், சுற்றுவட்டாரமே நிமிர்ந்துவிடும் என்றார்கள். ஆறுவழிச் சாலை வந்தது. வரிசை வரிசையாக அடுக்குமாடிகள் வந்தன. ஆள்தான் வரவில்லை.

டிசம்பர் 11. மாகாணத் தலைநகரிலிருந்து ஆய்வுக் குழு மாலை ஏழு மணிக்கு வருகிறது. ஜன்னலெல்லாம் இருட்டாக இருந்தால் அடுத்த கட்டப் பணிகள் நின்றுவிடும். எங்கள் வேலையும் போய்விடும். அதனால் காலி வீடுகளில் விளக்கைப் போட்டு வைக்கச் சொன்னார்கள். ஒன்பதாவது கட்டடத்தில் கீழ்மாடிகள் என்னோடு வேலை பார்த்த கோங் அண்ணனுக்கு. பத்துக்கு மேல் எனக்கு.

5:50. லிஃப்டில் பதினெட்டாம் மாடிக்குப் போனேன். அங்கிருந்து படி வழியாக இறங்கிக்கொண்டே வந்தேன். பூசாத சுவர், சிமெண்ட் தூசி. விளக்கைப் போடு, பூட்டு, அடுத்த வீடு.

6:12. பதினாறாம் மாடி. படியிலேயே வெங்காயத்தாள் வதங்கும் வாசனை வந்தது. ஏதோ ஒரு வீட்டுக்குள் பலகையில் கத்தி விழும் சத்தம். டக்... டக்... டக்...

பயம் வரவில்லை. சந்தேகம்தான் வந்தது. கோங் அண்ணன் கட்டட வேலையாட்களை ரகசியமாக வாடகைக்கு வைத்திருக்கிறாரோ? போன் போட்டேன்.

"அண்ணே, பதினாறுல யாரைக் குடி வச்சிருக்கீங்க?"

"நல்லா கேட்ட போ, மெய்யுன்! கூப்பிட்டுக் குடுத்தாலே ஒருத்தனும் வர மாட்டேங்கறான். நான் எங்க போய்ப் புடிக்கிறது?"

"சமையல் வாசனை வருதுண்ணே."

"பசிக்குதுன்னா நேரா சொல்லு. கீழ ரொட்டி வச்சிருக்கேன்."

சிரித்தார். அந்தச் சிரிப்பையும் நான் நம்பவில்லை.

1602-ஆம் எண் வீடு. கதவைத் தட்டினேன். கத்திச் சத்தம் நின்றது.

கதவு திறந்தது. பஞ்சு வைத்துத் தைத்த நீலச் சட்டையில் ஒரு பெண். நாற்பது வயது இருக்கும். முழங்கை வரை மாவு. பின்னால் எண்ணெய் விளக்கு எரிந்தது. சுவர் சிமெண்ட் இல்லை. மஞ்சள் மண். மேலே வளைந்து போனது...

"யாரு வீட்டுப் பொண்ணு நீ? சாப்டியா?"

"இந்த வீட்ட உங்களுக்கு யாரு குடுத்தா?"

"யாரு குடுக்கணும்? கட்டிக்கிட்டு வந்த நாள்லேருந்து இங்கதான் கெடக்கேன்."

பெயர் கேட்டேன். தோ லான்ஷியாங். வீட்டில் ஆறு பேர். எழுதிக்கொண்டேன்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. என் தலைக்கு மேலே பார்த்தாள்.

"சீக்கிரம் போயிடு பொண்ணு. மண்ணு உதிருது."

தோளில் ஏதோ விழுந்தது.

தூசி... பிறகு கட்டி...

டம்...

விளக்கு அணைந்தது.

6:19.

போன் வெளிச்சத்தைப் பிடித்தேன். வெறும் அறை. சிமெண்ட் சுவர். தரையில் கனத்த தூசி.

ஒரு கால்தடம் இல்லை.

ஓடினேன்.

கீழே கோங் அண்ணன் என் தோளைத் தட்டிவிட்டார். கையில் ஒட்டியது மஞ்சள் மண். அவர் சிரிக்கவில்லை.

ஆய்வு நல்லபடியாக முடிந்தது. மறுநாள் காலை, நில அளவைப் பிரிவில் இருந்த ஷான் அக்காவிடம் அந்தப் பெயரைக் காட்டினேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். குன்றை வெட்டுவதற்கு முன் எடுத்த வரைபடத்தையும் பழைய ஊர்ப் பதிவேட்டையும் விரித்தார்.

குன்றுச் சரிவில் ஒரு குகை வீடு இருந்திருக்கிறது. மண்ணைக் குடைந்து கட்டிய வீடு. 1958 மழையில் கூரை சரிந்தது. தோ லான்ஷியாங், அவள் புருஷன், நாலு பிள்ளைகள். யாரையும் தோண்டி எடுக்கவில்லை.

அந்த வாசலுக்கு நாற்பத்தெட்டு மீட்டர் கீழே வரை குன்றை வெட்டி இறக்கிய பிறகுதான் எங்கள் கட்டடம் எழும்பியது. ஷான் அக்கா இரண்டு முறை கணக்குப் போட்டார். அந்தக் குகை வீட்டு வாசலும் எங்கள் பதினாறாம் மாடித் தரையும் ஒரே உயரம்.

"அப்போ அவங்க எலும்பு, அக்கா?"

"வெட்டின மண்ண அப்படியே கிழக்குப் பள்ளத்துல கொட்டிட்டாங்க. யாரு தேடினா?"

அந்தப் பள்ளத்தின் மேல் இப்போது மூன்றாம் கட்ட வீடுகள் நிற்கின்றன. ஊழியர் ஒதுக்கீட்டில் எனக்கும் ஒன்று கிடைத்திருக்கிறது. தரைத்தளம்.

சாவி போன வாரம் வந்தது. இன்னும் திறக்கவில்லை.